பதிவு மேசையில் திரும்பிய வரலாறு



நவீன அமெரிக்க வரலாற்றின் திருப்புமுனைகளைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். உள்நாட்டுப் போர், 1929 பங்குச் சந்தைச் சரிவு, பேர்ல் ஹார்பர், பனிப்போர், வியட்நாம், வாட்டர்கேட் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் கொடுத்தால் எதுவும் மனத்தில் தங்காது. ஆகவே ஒரே ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு போகிறேன். அது ஓட்டு. யார் ஓட்டுப் போடலாம், யார் போடக் கூடாது என்பதை அந்த நாட்டில் உண்மையில் தீர்மானித்தது எது என்பதுதான் இன்றைய பேச்சு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமையைக் கொடுத்தது அரசியல் சாசனம். அதைப் பறித்தது மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வாக்காளர் பதிவு அலுவலர். அந்த மேசையின் தந்திரங்களைப் புரிந்துகொண்டு ஒரு சட்டம் எழுதப்பட எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தச் சட்டம் வந்த 1965-ஐத்தான் நான் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் மிகப் பெரிய திருப்புமுனை என்பேன்.

ஒரு விளக்கம் தேவை. நம் ஊரில் வாக்காளர் பட்டியலுக்காக வீடு தேடி ஆள் வருவார்கள். அங்கே அப்படி இல்லை. நான் பேசப்போகும் காலத்தில் குடிமகன்தான் போய்த் தன் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. தேர்தலை நடத்துவது மாநிலமும், அதன் கீழுள்ள கவுண்டி எனப்படும் மாவட்டமும். பட்டியலில் யாரைச் சேர்ப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பது உள்ளூர் ஆள் கையில் இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எல்லாம் விளங்கும்.

1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்தது. அந்த ஆண்டே 13-ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868-ல் 14-ஆவது திருத்தம் குடியுரிமை தந்தது. 1870-ல் 15-ஆவது திருத்தம் வந்தது. இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்த நிலை ஆகியவற்றைக் காரணம் காட்டி எவருடைய ஓட்டுரிமையையும் மறுக்கவோ குறைக்கவோ கூடாது என்றது அது. இந்த வாசகத்தைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். எல்லோருக்கும் ஓட்டு உண்டு என்று அது சொல்லவில்லை. இன்னின்ன காரணங்களைச் சொல்லி மறுக்காதே என்கிறது, அவ்வளவுதான். வேறு காரணம் சொல்லி மறுத்தால்? அந்த வாசல் திறந்தே இருந்தது. இருபது ஆண்டு கழித்து ஒரு மாநிலமே அதன் வழியாக உள்ளே நுழைந்தது.

அதற்கு முன் இருந்த நல்ல காலத்தைச் சொல்லாமல் போகக் கூடாது. மறுசீரமைப்புக் காலம் என்பார்கள். 1867-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தென் மாநிலங்களை ஐந்து ராணுவ மண்டலங்களாகப் பிரித்தது. கறுப்பின ஆண்கள் பட்டியலில் சேர்ந்தார்கள், ஓட்டுப் போட்டார்கள், பதவிக்கு வந்தார்கள். போருக்கு முன் எந்த மிசிசிப்பியின் செனட்டராக ஜெஃபர்சன் டேவிஸ் இருந்தாரோ, பிரிந்துபோன தென்னாட்டின் தலைவராகவே ஆனாரோ, அந்த மிசிசிப்பியிலிருந்து 1870-ல் ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினப் பாதிரியார் செனட்டுக்குப் போனார்.

தென் கரோலினாவில் ராபர்ட் ஸ்மால்ஸ் என்பவர். அடிமையாகப் பிறந்தவர். 1862 மே மாதம், சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் தென்னாட்டு ராணுவத்தின் பிளாண்டர் என்ற கப்பலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை அதிகாரிகள் கரையில் தங்கிவிட்ட ஓர் இரவில், மற்ற அடிமைத் தொழிலாளர்களையும் தங்கள் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு, கேப்டனின் தொப்பியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோட்டையைக் கடக்கும்போதும் கொடுக்க வேண்டிய சங்கொலியைச் சரியாகக் கொடுத்தபடி கப்பலை ஓட்டிப் போய் வடக்கின் கடற்படையிடம் ஒப்படைத்தார். போருக்குப் பின் மக்கள் அவரைக் காங்கிரஸுக்கு அனுப்பினார்கள். இப்படிப்பட்ட மனிதர்கள் ஓட்டின் பலத்தால் மேலே வந்த காலம் அது. இவர் பெயரை நினைவில் வையுங்கள். மறுபடி வருவார்.

அந்தக் காலம் பத்து ஆண்டுதான் நீடித்தது. கூ கிளக்ஸ் கிளான் போன்ற கும்பல்கள் கொலையால் அச்சுறுத்தின. 1876 ஜனாதிபதித் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் டில்டனுக்கு மக்கள் ஓட்டு அதிகம். ஆனால் சில மாநிலங்களின் கணக்கில் தகராறு. கடைசியில் குடியரசுக் கட்சியின் ஹேய்ஸ் 185-க்கு 184 என்று ஒரே ஒரு தேர்வாளர் ஓட்டு வித்தியாசத்தில் ஜனாதிபதி ஆனார். 1877-ல் தெற்கில் குடியரசுக் கட்சி அரசுகளுக்குக் காவலாக நின்ற கடைசிப் படைகளும் முகாமுக்குத் திரும்பின. கறுப்பின வாக்காளருக்கு இருந்த ஒரே பாதுகாப்பு போயிற்று.

அதற்குப் பிறகும் உடனே ஓட்டு மறைந்துவிடவில்லை. துப்பாக்கியும் கள்ள ஓட்டும் வைத்து ஒவ்வொரு தேர்தலையும் சமாளிப்பது ஆள்பவர்களுக்கே சிரமமாக இருந்தது. சட்டப்படியே காரியத்தை முடிக்க வழி தேடினார்கள். 1890-ல் மிசிசிப்பி தன் மாநில அரசியல் சாசனத்தைப் புதிதாக எழுதியது. அந்த மாநில மக்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். புதிய சாசனத்தில் ஓட்டுரிமைக்கான பிரிவுகளில் நிறம் என்ற பேச்சே இல்லை. ஆண்டுக்கு இரண்டு டாலர் தலைவரி கட்டியிருக்க வேண்டும். நீண்ட காலம் அங்கேயே குடியிருந்திருக்க வேண்டும். மாநில சாசனத்தின் எந்தப் பிரிவையும் படிக்கத் தெரிய வேண்டும், அல்லது படித்துக் காட்டினால் பொருள் சொல்லத் தெரிய வேண்டும். சொன்ன பொருள் சரியா என்று முடிவு செய்வது பதிவு அலுவலர்.

ஒரு வெள்ளை விவசாயி வந்தால் ஒற்றை வரியில் முடியும் எளிய பிரிவு. ஒரு கறுப்பின ஆசிரியர் வந்தால் சாசனத்திலேயே சிக்கலான பிரிவு. பொருள் சரியாகவே சொன்னாலும் “தவறு” என்று எழுதி முடித்துவிடலாம். கேட்பார் இல்லை.

மற்ற மாநிலங்கள் வரிசையாகப் பின்தொடர்ந்தன. 1895-ல் தென் கரோலினா. அந்தச் சாசன மாநாட்டில் இருந்த கறுப்பின உறுப்பினர்கள் ஆறே பேர். அவர்களில் ஒருவர் ராபர்ட் ஸ்மால்ஸ். தன் மக்களின் ஓட்டைப் பறிக்க எழுதப்படும் ஆவணத்தை அந்த மன்றத்திலேயே நின்று எதிர்த்தார். எண்ணிக்கை அவர் பக்கம் இல்லை. 1898-ல் லூயிசியானா இன்னொரு வழி கண்டுபிடித்தது. 1867 ஜனவரி முதல் தேதிக்கு முன் ஓட்டுரிமை பெற்றிருந்தவரின் மகனோ பேரனோ என்றால் படிப்புத் தேர்வு வேண்டாம். அந்தத் தேதியில் லூயிசியானாவின் எந்தக் கறுப்பினத்தவரின் தாத்தாவுக்கும் ஓட்டு இருந்திருக்க முடியாது. தாத்தா விதி என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. 1896-ல் அந்த மாநிலத்தின் பட்டியலில் 1,30,334 கறுப்பின வாக்காளர்கள் இருந்தார்கள். 1900-ல் 5,320 பேர். நான்கே ஆண்டு. தலைவரியால் ஏழை வெள்ளையர்களும் ஆயிரக்கணக்கில் பட்டியலை விட்டு வெளியேறினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஓட்டைப் பறிக்கும் கருவி ஒரு தரப்பை மட்டும் வெட்டுவதில்லை.

உச்ச நீதிமன்றம் என்ன செய்தது? 1896-ல் பிளெஸ்ஸி வழக்கில் ரயில் பெட்டிகளை நிறவாரியாகப் பிரிக்கலாம் என்றது. இது எல்லோருக்கும் தெரியும். ஜிம் குரோ சட்டங்கள் என்ற அந்தப் பிரிவினை முறைக்கே அதுதான் அடித்தளம் என்று பாடநூல்கள் சொல்லும். அதைவிடக் கேடு செய்ததாக நான் நினைப்பது அதிகம் பேசப்படாத இரண்டு தீர்ப்புகள். 1898-ல் வில்லியம்ஸ் வழக்கில், மிசிசிப்பியின் விதிகளில் இனம் குறிப்பிடப்படவில்லை, ஆகவே அவை செல்லும் என்றார்கள். 1903-ல் அலபாமாவின் ஜைல்ஸ் வழக்கு. மான்ட்கோமரி நகரைச் சேர்ந்த ஜாக்சன் ஜைல்ஸ் தன்னைப் பட்டியலில் சேர்க்க உத்தரவிடும்படி கேட்டார். புகழ்பெற்ற நீதிபதி ஹோம்ஸ் தீர்ப்பை எழுதினார். பதிவு முறை முழுவதுமே மோசடி என்று நீங்களே சொல்கிறீர்கள், அந்த மோசடியில் உங்கள் பெயரையும் சேர்க்க நாங்கள் எப்படி உத்தரவிடுவது என்றார். வெள்ளையர் பெருந்திரளாகத் தடுக்க நினைக்கும்போது காகிதத்தில் ஒரு பெயரை எழுதி ஆவதென்ன, அரசியல் வழியில் பரிகாரம் தேடிக்கொள்ளுங்கள் என்றார். ஓட்டே இல்லாதவனைப் பார்த்து அரசியல் வழியில் போ என்று சொன்ன தீர்ப்பு. அமெரிக்க நீதித் துறையின் வரலாற்றில் இதைவிட மக்களைக் கைவிட்ட வாசகத்தை நான் படித்ததில்லை.

பெண்களின் ஓட்டுரிமையை விரிவாகப் பேச இன்று நேரமில்லை. 1848-ல் செனிகா ஃபால்ஸ் கூட்டத்தில் எழுந்த கோரிக்கை 1920-ல் 19-ஆவது திருத்தமாக நிறைவேறியது. கடைசியாக ஒப்புதல் தர வேண்டியிருந்த டென்னஸியில் ஹாரி பர்ன் என்ற 24 வயது உறுப்பினர், தாய் எழுதிய கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எதிர்ப்பார் என்று எல்லோரும் நினைத்த வேளையில் ஆதரித்து ஓட்டளித்தார். ஆனால் தெற்கில் கறுப்பினப் பெண்களுக்கு அந்தத் திருத்தமும் அதே மேசையில்தான் போய் நின்றது.

ஓட்டுப் போனால் வேறு என்னென்ன போகும் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். 1935-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார். முதியோருக்கு ஓய்வூதியம், வேலை இழந்தவர்களுக்கு உதவித்தொகை. அதில் விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்பவர்களும் சேர்க்கப்படவில்லை. தெற்கில் கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். காங்கிரஸ் குழுக்களின் தலைமையில் இருந்தவர்களோ போட்டியே இல்லாத தென் தொகுதிகளிலிருந்து மறுபடி மறுபடி தேர்வாகி வந்த மூத்த உறுப்பினர்கள். அந்தக் கூலிகளுக்காக வாதாட அந்த அறையில் அவர்கள் ஓட்டால் வந்தவர் ஒருவரும் இல்லை.

செனட்டில் இன்னொரு ஆயுதமும் இருந்தது. ஃபிலிபஸ்டர். ஒரு மசோதா ஓட்டெடுப்புக்கு வராமல், ஓயாமல் பேசியே தடுத்துவிடுவது. 1957-ல் சிவில் உரிமை மசோதாவை எதிர்த்து செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் தொடர்ந்து பேசினார். கும்பல் கொலைக்கு எதிரான மசோதாக்கள் பல முறை இந்த வழியில்தான் மாண்டன. கடைசியில் இதே ஆயுதம் திரும்பி வரும், பாருங்கள்.

இனி அந்த மேசைக்கு அருகில் போவோம்.

1962 ஆகஸ்ட் 31. மிசிசிப்பியின் ரூல்வில் என்ற சிற்றூரிலிருந்து 18 பேர் ஒரு பழைய பஸ்ஸில் இண்டியனோலா நகரின் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர். வயது 44. குத்தகை விவசாயிகளின் இருபதாவது குழந்தை. ஆறு வயதில் பருத்தி எடுக்கத் தொடங்கியவர். அந்த மாதம்வரை, தனக்கு ஓட்டுரிமை உண்டு என்பதே தெரியாது என்று பின்னாளில் சொன்னார். மேசையில் படிவத்தை நீட்டினார்கள். எங்கே வேலை செய்கிறாய், முதலாளி யார் என்று அதில் கேள்வி. பிறகு மாநில சாசனத்தில் ஒரு பிரிவைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள், பொருள் சொல்லச் சொன்னார்கள். சட்டம் படித்தவர்களே யோசிக்க வேண்டிய பிரிவு. எழுதிவிட்டார். பொருள் சொல்ல முடியவில்லை. தோல்வி.

திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. குற்றம் என்னவென்றால் பஸ்ஸின் மஞ்சள் நிறம் அதிகமாக இருந்ததாம், பள்ளி பஸ் என்று ஏமாற்றுகிறதாம். நூறு டாலர் அபராதம். பேசிப் பேசி முப்பதாக இறக்கி, எல்லோரும் பையைத் துழாவிச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஹேமர் வீடு சேர்வதற்குள் செய்தி தோட்ட முதலாளிக்குப் போய்விட்டது. பதிவு விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கு, இல்லையென்றால் வெளியேறு என்றார். உங்களுக்காகப் பதிவு செய்யப் போகவில்லை, எனக்காகத்தான் போனேன் என்று ஹேமர் பதில் சொன்னார். பதினெட்டு ஆண்டு உழைத்த இடத்தை விட்டு அன்றிரவே கிளம்பினார். சில நாளில் அவர் தங்கியிருந்த வீட்டின் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது.

அடுத்த ஜனவரியில் தேர்வில் தேறிவிட்டார். அப்போதும் ஓட்டுப் போட முடியவில்லை. இரண்டு ஆண்டுத் தலைவரி ரசீது கேட்டார்கள். பதிவே இல்லாதவர் எப்படி வரி கட்டியிருப்பார்? போதாக்குறைக்கு 1962-ல் மிசிசிப்பி ஒரு சட்டம் போட்டது. பதிவுக்கு விண்ணப்பிப்பவர் பெயரை உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு வாரம் வெளியிட வேண்டும். யார் படிப்பதற்காக? முதலாளிக்காக, கடன் கொடுத்தவருக்காக, கிளான்காரனுக்காக. சட்டப் புத்தகத்தில் பார்த்தால் சாதாரண அறிவிப்பு விதி. கொலைக்கு முகவரி எழுதிக் கொடுப்பது போன்ற விதி அது.

1963 ஜூனில் வினோனா சிறையில் ஹேமரைக் கட்டிலில் படுக்கவைத்து அடித்தார்கள். அந்த அடியின் பாதிப்பு சாகும்வரை போகவில்லை. 1964 ஆகஸ்டில் அட்லான்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில், தேசத் தொலைக்காட்சியின் முன் அவர் இதையெல்லாம் சொன்னார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜனாதிபதி ஜான்சன் அவசரமாக ஒரு செய்தியாளர் சந்திப்பை ஏற்பாடு செய்து கேமராக்களைத் தன் பக்கம் திருப்பினார். ஆனால் மாலைச் செய்திகளில் ஹேமரின் பேச்சு முழு நாட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அதே கோடையில், வாக்காளர் பதிவுக்காக மிசிசிப்பியில் உழைத்த இளைஞர்களில் செய்னி, குட்மேன், ஷ்வெர்னர் என்ற மூவர் கொல்லப்பட்டார்கள். ஆறு வாரம் கழித்து உடல்கள் ஒரு மண் அணைக்குள் கிடைத்தன.

அலபாமாவின் செல்மா நகரம் இருந்த டல்லஸ் கவுண்டிக்கு வருவோம். அங்கே ஓட்டு வயதில் சுமார் 15,000 கறுப்பினத்தவர். பதிவு அலுவலகம் திறப்பது மாதத்தில் இரண்டே திங்கட்கிழமைகள். 1961-ல் மத்திய நீதித் துறையே அந்த அலுவலகத்தின் மேல் வழக்குப் போட்டது. நான்கு ஆண்டு வழக்கு நடந்தது. பாகுபாடு நடக்கிறது என்று கோர்ட் இரண்டு முறை சொன்னது. பட்டியலில் இருந்த கறுப்பினத்தவர் 156 பேரிலிருந்து 383 பேராக உயர்ந்தார்கள். நான்கு ஆண்டு வழக்கின் பலன் 227 பெயர். ஒரு விதியைக் கோர்ட் தடுத்தால் மாநிலம் வேறு விதி போடும், மறுபடி வழக்கு, மறுபடி விசாரணை. 1965 சட்டத்தின் தேவையை இந்த ஒரு கணக்கே காட்டிவிடும்.

1965 ஜனவரி 22 அன்று செல்மாவில் நடந்ததை என்னால் மறக்க முடிவதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பினப் பள்ளி ஆசிரியர்கள், பள்ளி விட்டதும் நல்ல உடை உடுத்தி, வரிசையாக நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். பலர் கையில் பல் துலக்கும் பிரஷ். சிறைக்குப் போகத் தயாராக வந்திருக்கிறோம் என்று பொருள். வேலை போகும் என்று தெரியும். ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்கள், எழுத்தறிவுத் தேர்வில் தேறாதவர்கள் என்று எந்தக் கட்டடம் சொன்னதோ அதன் படிகளில் ஏறினார்கள். ஷெரிஃப் ஜிம் கிளார்க்கும் ஆட்களும் தடியால் தள்ளினார்கள். மறுபடி ஏறினார்கள். ஆசிரியர்களே வந்துவிட்டார்கள் என்றதும் மாணவர்கள் வந்தார்கள், பிறகு ஊரே வந்தது.

மார்ச் 7 உலகறிந்த ஞாயிறு. சுமார் 600 பேர் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்தார்கள். அந்தப் பெட்டஸ், உள்நாட்டுப் போரில் தெற்கின் தளபதி. கண்ணீர்ப் புகை, தடி, குதிரைப் போலீஸ். ஊர்வலத்தை முன்னின்று நடத்திய ஜான் லூயிஸின் மண்டை உடைந்தது. அன்றிரவு ஏபிசி தொலைக்காட்சி நாஜிக் குற்றவாளிகளின் விசாரணை பற்றிய திரைப்படத்தை நிறுத்தி இந்தக் காட்சிகளைக் காட்டியது. மார்ச் 15-ல் ஜான்சன் காங்கிரஸின் கூட்டுக் கூட்டத்தில் பேசினார். ஆகஸ்ட் 6-ல் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

நம் மாணவர்கள் பாலத்தோடு நின்றுவிடுகிறார்கள். சட்டத்தைப் படிப்பதில்லை. அதனால் சற்று பொறுத்துக் கேளுங்கள்.

1964 தேர்தலின்போது படிப்புத் தேர்வு போன்ற தடை வைத்திருந்த மாநிலமா? அங்கே ஓட்டு வயதினரில் பாதிக்கும் குறைவானவர்களே பதிவு செய்திருந்தார்களா, அல்லது ஓட்டுப் போட்டிருந்தார்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் அந்த இடம் சட்டத்தின் பிடிக்குள் வரும். பாகுபாடு நோக்கம் இருந்தது என்று யாரும் நிரூபிக்கத் தேவையில்லை. கணக்கு போதும். இது நான்காம் பிரிவு. அலபாமா, மிசிசிப்பி, லூயிசியானா, ஜார்ஜியா, தென் கரோலினா, வர்ஜீனியா ஆகிய மாநிலங்கள் முழுதாகவும், வட கரோலினாவின் பல கவுண்டிகளும் உள்ளே வந்தன. அங்கெல்லாம் படிப்புத் தேர்வு அன்றே நின்றது. உள்ளூர் அலுவலர் பதிவு செய்ய மறுத்தால் மத்திய அரசின் அலுவலர் வந்து பதிவு செய்வார்.

ஐந்தாம் பிரிவு அதைவிட ஆழமானது. அந்த இடங்களில் தேர்தல் விதி எதை மாற்றினாலும், வாக்குச்சாவடியைத் தெருவின் எதிர்ப்புறத்துக்கு மாற்றினாலும்கூட, முதலில் வாஷிங்டனில் அனுமதி பெற வேண்டும். அந்த மாற்றத்தால் இனப் பாகுபாடு வராது என்று காட்ட வேண்டியது மாநிலத்தின் பொறுப்பு. அதுவரை ஃபேனி லூ ஹேமர்தான் தன் தகுதியை நிரூபிக்க வேண்டியிருந்தது. இப்போது மிசிசிப்பி தன் யோக்கியதையை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் சுமை மேசையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போயிற்று. அமெரிக்கச் சட்டங்களில் இதற்கு இணையாக மக்கள் அனுபவத்திலிருந்து பாடம் கற்று எழுதிய சட்டம் ஒன்றிரண்டுகூடத் தேறாது என்பது என் எண்ணம்.

பலன் உடனே தெரிந்தது. மிசிசிப்பியில் தகுதியுள்ள கறுப்பினத்தவரில் பட்டியலில் இருந்தவர்கள் 1965-ல் 6.7 சதவீதம். 1967-ல் 59.8 சதவீதம். ஒருபோதும் நடக்காது என்ற பொருளில் சட்டையில் பட்டன் குத்திக்கொண்டு திரிந்த ஷெரிஃப் ஜிம் கிளார்க், 1966 தேர்தலில் புதிய வாக்காளர்களால் தோற்றார். எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. கறுப்பினத்தவர் அதிகமுள்ள வட்டாரங்களின் ஓட்டுப் பலம் கரையும்படி, வட்டாரத் தேர்தலை மாவட்டம் முழுவதற்குமான தேர்தலாக மாற்றும் விதிகளை மிசிசிப்பி போட்டது. 1969-ல் உச்ச நீதிமன்றம், இதற்கும் முன் அனுமதி வேண்டும் என்றது. ஐந்தாம் பிரிவு வேலை செய்தது.

இதே 1965-ல் நம்மோடு தொடர்புள்ள ஒன்றும் நடந்தது. 1917-லிருந்து அமெரிக்கா ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து குடியேற்றத்தைத் தடுத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திண்ட் என்பவருக்கே, வெள்ளையர் அல்ல என்று சொல்லி 1923-ல் உச்ச நீதிமன்றம் குடியுரிமை மறுத்தது. 1946-ல்தான் இந்தியர் குடியுரிமை பெறலாம் என்று சட்டம் வந்தது. குடியேற இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 இடம். 1965 அக்டோபர் 3-ல் ஜான்சன் லிபர்ட்டி தீவில் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம் அந்த நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்தது. வாக்குரிமைச் சட்டத்தை நிறைவேற்றிய அதே காங்கிரஸ், இரண்டு மாத இடைவெளியில். அமெரிக்காவில் இன்று குடியுரிமையோடு வாழும் தமிழ்க் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த வாசல் வழியாகப் போனவைதான். செல்மாவின் ஆசிரியர்களுக்கும் ஹேமருக்கும் நம்மவர் பட்டிருக்கும் கடன் சிறிதல்ல. அங்குள்ள நம் பிள்ளைகளுக்கு அவர்கள் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசித் திருப்பத்துக்கு வருகிறேன். வாக்குரிமைச் சட்டத்தைக் காங்கிரஸ் பல முறை நீட்டித்தது. 2006-ல் செனட்டில் 98-க்கு 0 என்று 25 ஆண்டுக்கு நீட்டித்தார்கள். ஏழே ஆண்டில், 2013 ஜூன் 25 அன்று, அலபாமாவின் ஷெல்பி கவுண்டி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் ஐந்தாம் பிரிவில் கை வைக்கவில்லை. நான்காம் பிரிவின் கணக்கு பழசாகிவிட்டது, அது செல்லாது என்றார். எந்த மாநிலம் அனுமதி கேட்க வேண்டும் என்று சொல்லும் கணக்கு போனபின், அனுமதி கேட்க வேண்டிய மாநிலமே இல்லை. ஐந்தாம் பிரிவு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, வேலை செய்வதில்லை.

1960-களின் புள்ளிவிவரத்தை வைத்து 2013-ல் ஒரு மாநிலத்தை நிறுத்தலாமா என்ற அவருடைய கேள்வியை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். புதிய கணக்கைக் காங்கிரஸ் 2006-லேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாதது பெரும் பிழை. ஆனால் தடுப்பு வேலை செய்ததால் குற்றம் குறைந்தது என்பதைக் காட்டித் தடுப்பையே எடுப்பது சரியாகாது. நீதிபதி கின்ஸ்பர்க் தம் மாறுபட்ட தீர்ப்பில், மழையில் நனையவில்லை என்பதற்காகக் குடையை எறிவது போன்றது இது என்று எழுதினார். அன்றைய தினமே டெக்சாஸ், அதுவரை அனுமதி மறுக்கப்பட்டிருந்த தன் வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது. வட கரோலினா அதே கோடையில் கொண்டுவந்த சட்டத்தை 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கறுப்பினத்தவரைக் குறிவைத்து எழுதப்பட்டது என்று சொல்லி ரத்து செய்தது. அந்த மூன்று ஆண்டுக்குள் தேர்தல்கள் நடந்து முடிந்திருந்தன. டல்லஸ் கவுண்டியின் 227 பெயர்க் கணக்கை இங்கே நினைத்துப் பாருங்கள். முதலில் விதி, பிறகு வழக்கு என்ற பழைய வரிசை திரும்பிவிட்டது.

பாலத்தில் மண்டை உடைந்த ஜான் லூயிஸ் 1987-லிருந்து ஜார்ஜியாவின் பிரதிநிதியாகக் காங்கிரஸில் இருந்தார். 2020 ஜூலை 17-ல் காலமானார். நான்காம் பிரிவுக்குப் புதிய கணக்கு எழுதும் மசோதாவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2021 ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபை 219-க்கு 212 என்று அதை நிறைவேற்றியது. செனட்டில் ஃபிலிபஸ்டரைத் தாண்ட 60 ஓட்டு வேண்டும். 2022 ஜனவரியில் அது கிடைக்கவில்லை. அந்த மசோதா சட்டமாகவில்லை.